மையின் அகலம்

பள்ளிப்பட்டுத் தாலுகா ஆபீஸ் மாடியில்
ஸ்கேன் செய்த பழைய வரைபடம் திரை முழுக்க.
தாள் மடிந்த இடத்தில்
ஒரு ஏரி இரண்டாய்க் கிழிந்து கிடக்கிறது.

கார்த்திகை மழையில் சரிந்த கிணற்றின் ஓரம் நின்று
தேசப்பன் போனில் எண்களைப் படித்தார்.
கிழக்கே எழுபத்தொன்பது புள்ளி
நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று,
கடைசியாக ‘மூடு’ என்றார்.
எதை மூட, கிணற்றையா?
கோவில்பட்டிக்காரி எனக்கு ஒரு நொடி ஆனது,
தெலுங்கு மூன்று அது என்று பிடிபட.

மூலையைக் கழி, கட்டத்தின் அளவால் வகு.
கணக்கு அவ்வளவுதான்.
ஆனால் பூமியில் வடக்கே போகப் போக எண் ஏறுகிறது,
திரையிலோ மேலிருந்து கீழே எண்ணுகிறார்கள்,
மொட்டைமாடியிலிருந்து படியிறங்குகிறவர்கள் மாதிரி.
அதை மறந்துவிட்டு
கிணற்றைக் கொண்டுபோய் ஏழு கிலோமீட்டர் வடக்கே
காப்புக்காட்டுப் பாறை ஒன்றில் வைத்தேன்.
ஒரு குறி மாற்றியதும் இறங்கி வந்துவிட்டது, பாவம்.

வரிசை மூவாயிரத்து நூற்று அறுபத்து நான்கு.
பத்தி மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு
புள்ளி ஆறு.

புள்ளி ஆறு என்று ஒரு கட்டம் கிடையாது.
வெட்டினால் நாற்பத்திரண்டு.
அதுதான் என் வழக்கம்.
நகரி ஆபீஸில் இதே வேலை பார்க்கும் பத்மஜா
தூக்கிப் போடுவாள், நாற்பத்து மூன்று.
ஏதாவது ஒன்றில் அவருக்கு ஒரு மாநிலம் கிடைக்கும் என்று
பெரிதாக்கிப் பார்த்தேன்.
இரண்டும் கறுப்பு.

எல்லைக்கோடு.
என்றைக்கோ யாரோ தொட்டு இழுத்த மை
நான்கு கட்டம் அகலம்,
தரையில் இருபத்திரண்டு மீட்டர்.
அதற்குள்தான் கிணறு, மோட்டார் கொட்டகை,
ஆந்திரா பாஸ்புக்,
தமிழ்நாட்டு மின்மீட்டர்,
எந்த ஆபீஸுக்குப் போனாலும்
‘அந்தப் பக்கம் போய்க் கேளுங்க’ என்ற பதில்.

நிவாரணப் படிவத்தில் மாநிலம் என்ற இடத்தில்
சொடுக்கினால் விரியும் பட்டியலில்
கோடு என்று ஒன்றும் இல்லை.
மேலே, கீழே, மறுபடி மேலே நகர்த்திப் பார்த்தேன்.

போன் அடித்தது.
“எங்க மேடம் வுழுந்துச்சு?”
“கோட்டுக்குள்ளங்க.”

கொஞ்ச நேரம் அங்கே
மாடு அசைபோடும் சத்தம் மட்டும்.

“அப்பிடின்னா
ரெண்டு எலுமிச்ச மரமும் உள்ளதான் இருக்குது.
அதையும் சேத்து எழுதிக்கோங்க.”