ஒன்றேமுக்கால் மைல்

துறையடியிலிருந்து ஆலைவரை.
அதற்குமேல் தண்டவாளம் போடக்
கொம்பனியிடம் காசில்லை.

ஒரே ஒரு ட்ராம். நெல்மூட்டைகளுக்கு முதலிடம்,
மிச்சத்தில் நாங்கள்.
எருமை குறுக்கே படுத்தால்
அது எழும்பும்வரை
ட்ரைவர் பொன்னுத்துரை சுருட்டுப் பற்றவைப்பான்.

படுவான்கரையில் மின்சாரம்
தலைக்குமேல் கம்பியில் போனது,
வீட்டுக்குள் வரவில்லை.
குப்பிலாம்படியில் சோறு தின்றபடி பார்த்தோம்,
வயலைக் கடந்து வெளிச்சம் போவதை.

அறுபத்திரண்டு ஆவணி, நேசம்மா கலியாணம்.
பொன்னுத்துரைதான் காதுக்குள் சொன்னது:
ஒற்றைப் பல்பு வெடிக்கும்,
ஐந்தை வரிசையாய்க் கோர்.
மூங்கில் தடி, செப்புக் கொக்கி.
பந்தல் எரிந்தது பகல்போல.

கடைசி ட்ராமை அவன் மறந்துவிட்டான்.
இல்லை, அதை ஓட்டியவனே அவன்தான்.
கூரைத்தடி கொக்கியில் மாட்ட
ட்ராமும் பந்தலும் ஒன்றாய் அணைந்தன.
மூன்றாம் முடிச்சு யார் போட்டதென்று
இன்னும் வழக்கு.
மூட்டைமேல் இருந்த மனேஜர்
இறங்கி வந்து டோர்ச் பிடித்தார்,
பாயாசம் குடித்தார்,
மாதக் கடைசியில் பொன்னுத்துரை சம்பளத்தில்
இரண்டு ரூபா நாற்பது சதம் வெட்டினார்:
'கலியாண மின்சாரம்.'

எழுபத்தெட்டுச் சூறாவளி
தூண்களை ஒரே இரவில் படுக்கவைத்தது.
தண்டவாளம் பிறகு
பங்கர்களுக்குக் கூரையானது,
இரண்டு பக்கத்தாருக்கும்.

போன வருசம் மீட்டர் பூட்ட வந்த பொடியன்
கரண்ட் இப்பதானோ என்று கேட்டான்.
நேசம்மா சொன்னா:
இது ரெண்டாந்தரம் மனே.
முதல் பில் அப்பவே கட்டியாச்சு.