இறங்குமுறை

பள்ளத்தூர் ஊருணியில் ஒரு கல் போட்டேன்.
முதல் வட்டம் எதிர்ப்படியைத் தொட்டு முடித்த பிறகும்
விழுந்த இடத்தில் நீர் சும்மா இருக்கவில்லை.

நீரலைக்குச் சமன்பாடு வேறு என்பாள் மெகருன்னிசா.
தெரியும். ஒரு காலைப்பொழுதுக்குத்
தெரியாதவளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு
கண்டனூரில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே,
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவள் ஓட்டையைக் கண்டாள்.
அதே நான்கு மணிக்குக் காரைக்குடியில்
கரும்பலகை முன் நின்று
அதே துணைத்தேற்றத்தை
சாக்பீஸ் உடைய அழுத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.
கடைசி வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

கூம்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்:
இந்த இடம், இந்த நொடி, இங்கே நின்று
பின்னால் திரும்பினால்
உன்னை எட்டியிருக்கக்கூடியவை எல்லாம்
கூம்புக்கு உள்ளே.
வெளியே நடந்ததும் நடந்ததுதான்.
உனக்கு மட்டும் இன்னும் நடக்கவில்லை.
கூம்பின் சரிவை வேகம் தீர்மானிக்கும்.
எங்களுடையதை, கண்டனூர் டவர்.
குறுஞ்செய்தி ஆறேகாலுக்கு வந்தது:
"வாலை வெட்டியிருக்கோம்.
ரெண்டு பரிமாணத்துல வெட்டக் கூடாது."

வால்.
மூன்று பரிமாணத்தில் ஓசை நாகரிகமானது.
வரும், ஒருமுறை தொடும், கடந்துவிடும்,
பின்னால் சுத்தமான மௌனம்.
இரண்டில் அப்படியில்லை. ஏனென்று நிறுவ
மூன்றிலிருந்து இறங்கி வர வேண்டும்:
ஒரு திசையை மற.
மேலும் கீழும் எல்லாம் ஒன்றே என்று வை.
அப்போது நீரில் விழுந்தது கல்லல்ல,
தூண்.
இந்த ஊர் வீடுகளின் பர்மாத் தேக்கு போல,
ஆனால் உத்தரம் இல்லை, கூரை இல்லை,
அடியும் இல்லை.
கிட்டே இருக்கும் பகுதி முதலில் பேசும்.
அதற்கு மேலே இருப்பது சற்றுப் பிந்தி.
அதற்கும் மேலே இருப்பது இன்னும் பிந்தி.
எப்போதும் ஓர் உயரம் மிச்சமிருக்கும்,
அதன் குரல் வழியில் இருக்கும்,
மெலிந்து, பூஜ்யமாகாமல்.

இன்று செவ்வாய்.
அந்தக் கைதட்டல்
இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வாலோடு சேர்த்து எழுதிப் பார்த்தாளாம்.
மதிப்பீடு கிடைக்கிறது, நாங்கள் பீற்றிக்கொண்டதைவிட
பலவீனமாக: காலத்தின் வர்க்கமூலத்தில்தான் தேய்கிறது.
"தேயுதுல்ல, அது போதும்" என்றாள் போனில்.

"குடிக்கிற தண்ணி, கல்லு போடாதீக!"
ஊருணிக் காவலுக்கு இருக்கும் சேவுகன்
சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார்.
போடமாட்டேன் என்றேன்.

"அதான் போட்டாச்சே" என்றார்,
நீரைக் காட்டி.