இடது தோள்

பரப்பன அக்ரஹாரா வாசலுக்கு
முதல் நாள் நான் கொண்டுபோனது ஒரு துணிக்கடைக் கவர்:
பல்பொடி, சீப்பு, பட்டன் போன், இருநூறு ரூபாய்.
பட்டியல் ஃபிலோமினா போட்டது.
அவள் நர்ஸ், எதையும் மறக்கமாட்டாள்.

வேடியப்பன் என்னைவிடக் குள்ளம்.
ஃபைலைப் படித்தபோது
ஏனோ ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன்.
வயது நாற்பத்தாறு.
நேரில் வாங்க போங்க என்றுதான் பேசுகிறேன்,
எழுத உட்கார்ந்தால் கை அவன் என்கிறது.

என்ன செய்தான் என்று இங்கே சொல்லப்போவதில்லை.
அவனிடமும் கேட்பதில்லை,
எங்கள் நான்கு பேருக்குள் அப்படி ஒரு பேச்சு.
கேட்காமல் இருந்துவிடலாம்.
தெரியாதவள்போல் இருக்கத்தான் முடிவதில்லை.

ஹோசா ரோட்டில் டீ குடிக்க உட்கார்ந்தோம்.
கல்லாமேல் இருந்த குட்டிப் பெட்டி
இருபது ரூபாய் வந்ததென்று கன்னடத்தில் கத்த,
டம்ளரோடு எழுந்து விறைப்பாக நின்றான்.
பதினொரு வருஷம்
ஸ்பீக்கரில் குரல் கேட்டால் எழுந்து நின்ற கால்.
உட்காருங்க என்று சொல்ல வாய் வரவில்லை.
நானும் எழுந்துகொண்டேன்.
நின்றபடியே குடித்து முடித்தோம்.

மூன்றாவது சனிக்கிழமை பேங்க்.
மெஷினுக்கு அவன் கட்டைவிரல் பிடிக்கவில்லை.
துடைத்து வை, ஊதி வை, அழுத்தி வை,
தலையில் தேய்த்து வை.
உள்ளே மரப்பட்டறையில்
உப்புத்தாள் பிடித்துப் பிடித்து
ரேகை போன விரல்கள்.
"ஸ்டேஷன்ல பத்து வெரலும் பத்திரமா இருக்கு மேடம்,
அங்கேருந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றான்.
அவன் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு.
சிரிக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள்
கவுண்டர் பெண் சிரித்துவிட்டாள்.
அவளுக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது.

ஏழு வீடு பார்த்தோம்.
ஏழாவது வீட்டில் அட்வான்ஸ் வரைக்கும் பேசிவிட்டு
ராத்திரி போன் வந்தது, தம்பி ஊரிலிருந்து வருகிறானாம்.
அப்புறம் எத்திராஜ்
லிங்கராஜபுரத்தில் தன் ஆட்டோ நிறுத்தும் ஷெட்டுக்கு மேல்
தகர அறையைத் திறந்துவிட்டார், மனைவியைக் கேட்காமல்.
அந்த அம்மா நான்கு நாள் அவரோடு பேசவில்லை.
ஆனால் முதல் நாளே மாடிக்குச் சோறு போயிருக்கிறது.
தட்டு கழுவித் திரும்பி வந்ததாம்.
அதை மறுபடி கழுவினேன் என்று
அந்த அம்மாவே என்னிடம் சொன்னார்கள்.

என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.
மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில்
அவன் வலது பக்கம் வந்து நின்றதும்
பை இடது தோளுக்கு மாறியது.
நான் மாற்றவில்லை, கை மாற்றியது.
(கையும் நான்தானே.)
அவன் பஸ் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் நாலடி முன்னால் நடந்தான்.
"நீங்க பின்னாடி வாங்க மேடம்,
பாத்துக்கிட்டே வரலாம்."

அன்றைக்குப் பையை அவனிடம் கொடுத்து
கொஞ்சம் பிடிங்க என்றேன் என்று எழுத ஆசைதான்.
கொடுக்கவில்லை.
அதற்கடுத்த சனிக்கிழமை பையே எடுக்காமல் போனேன்.
அதுவும் ஒரு பூட்டுதான் என்பது
வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது உறைத்தது.

இப்போது கம்மனஹள்ளியில் கட்டில் செய்கிற கடையில் வேலை.
வாரக்கூலி. முதலாளிக்குத் தெரியும்.
மற்றவர்களுக்கு இன்னும் தெரியாது.

போன சனிக்கிழமை ஆள் வரவில்லை.
போன் அணைந்திருந்தது.
ஒரு மணி நேரத்தில்
எங்கள் நான்கு பேர் மனதிலும்
நான்கு குற்றங்கள் நடந்து முடிந்தன.
ஃபிலோமினா ஆஸ்பத்திரிகளுக்குப் போட்டாள்.
எத்திராஜ் ஸ்டேஷன் வாசல்வரை போய்
உள்ளே போகாமல் நின்றிருக்கிறார்.

ராத்திரி எட்டரைக்கு அழைத்தார்.
கல்யாண ஆர்டராம், மூன்று கட்டில், ஓவர்டைம்,
சார்ஜ் போட நேரமில்லை.
"இன்னைக்குச் சனிக்கிழமைங்கறதே மறந்துபோச்சு மேடம்."

ஃபிலோமினா நோட்டில் எழுதினாள்:
வரவில்லை. காரணம், வேலை.
பேனாவை மூடிவிட்டு
அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள்,
எங்களுக்குக் கேட்கிற மாதிரி.