முன்னிரண்டு சக்கரங்கள்

வாங்கும்போதே அதற்கு இருபத்தொரு வயது.
ருஸ்தாவி வண்டிச் சந்தையில், மழையில்,
விற்றவன் பானெட்டைத் திறக்கவில்லை,
சாம்பல் கிண்ணத்தைத் திறந்து காட்டினான்:
"பாருங்கள், ஒருவரும் புகைத்ததில்லை."
இமேதாவுக்கு அது போதும்.

ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பஜெரோ.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
ஜார்ஜியாவில் ஓட்டுவதும் சாலையின் வலப்பக்கம்.
ஆகவே அபானோ கணவாயில்
பள்ளம் வலப்புறம் வாய் பிளக்கும் வளைவுகளில்
அதற்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பவள் நான்.
எதிரே லாரி வருகிறதா என்று பார்க்க வேண்டியவர்
இடப்பக்கம் சூரியகாந்தி விதை கொறிக்கும் இமேதா.
"வா" என்பார்.
"நில்" என்பார்.
பதினாறு வருடத் தாம்பத்தியத்தில்
இவ்வளவு சுருக்கமாக நாங்கள் வேறெங்கும் பேசியதில்லை.

சாவியைத் திருப்பினால்
டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வாள்.
தினமும் அதே வாக்கியம், அதே பணிவு.
பின்சீட்டிலிருந்து ததியா
"உனக்கும் அப்படியே" என்பாள்.

ஜூனில் மந்தைகள் மேலே போய்விடும்.
நான் கால்நடை மருத்துவர், ஊசிப்பெட்டியோடு பின்னாலேயே போக வேண்டும்.
அந்த வருடம் மூன்றாவது ஓடையைத் தாண்டியதும்
நாலு சக்கரத்துக்கான குட்டிக் கம்பியைத் தள்ளினேன்.
கண்ணாடிக்குள் நகத்தளவு ஒரு வண்டிப் படம்.
பின் சக்கரங்கள் பச்சையாய் நின்றன.
முன்னிரண்டும் சிமிட்டின,
இருக்கிறேன், இல்லை,
இருக்கிறேன், இல்லை.

தெலாவியில் ஜும்பேர் சுவிட்சை மாற்றினான். நூற்றிருபது லாரி.
ரிலே மாற்றினான்.
கியர் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து
"கெட்ட வாடை" என்று அதையும் மாற்றினான்.
மச்சினர் பித்சினா சொன்னார்,
"பல்பைப் பிடுங்கிவிடு, சிமிட்டாது."
நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று
இமேதா புனித கியோர்கிக்கு மெழுகுவத்தி ஏற்றினார்.
ததியாவின் பல்லுக்குக் கம்பி போட வைத்திருந்த பணம்
எந்தப் பாகத்துக்குப் போனதென்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.
அவள் கேட்கவில்லை.
கையால் வாயை மூடிச் சிரிக்கப் பழகியிருந்தாள்.

ஆகஸ்டில், ஓமாலோவுக்கு ஏழு கிலோமீட்டர் கீழே, இருட்டு.
பின் சக்கரங்கள் சேற்றைத் தயிராய்க் கடைந்தன.
முன்னவை கல்யாண வீட்டு விருந்தாளிபோல் சும்மா நின்றன.
இமேதா வாவும் சொல்லவில்லை, நில்லும் சொல்லவில்லை.
ததியாதான் இறங்கி,
மழையில் பானெட்டருகே காதை வைத்து,
"அம்மா, இது எதையோ உறிஞ்சுகிறது.
ஜூஸ் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை விடாத மாதிரி" என்றாள்.

மாட்டு வயிற்றுக்கு வைக்கும் ஸ்டெதஸ்கோப்பை
எஞ்சினுக்கு வைத்தேன்.
பேட்டரிக்குக் கீழே, விரல் நீள ரப்பர் குழாய்,
முழங்கை மாதிரி மடங்கிய இடத்தில் கீறல்.
அதன் வழியே முழுக் கோடையும் கசிந்து போயிருக்கிறது.
வெட்டி எறிந்துவிட்டு
டிரிப் ஏற்றும் குழாயில் ஒரு துண்டு நறுக்கிச் செருகினேன்.
நாலும் பச்சை.
யாரும் கைதட்டவில்லை. நனைந்திருந்தோம்.

"அது தாங்காது" என்றான் ஜும்பேர்.
தாங்கவில்லைதான். செப்டம்பரில் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது.
சரியான குழாய் மீட்டர் மூன்று லாரி.
பழைய பாகங்களுக்கான பணத்தைப் பற்றி
அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
ஒரு குடம் ஒயின் கொண்டுவந்து வைத்தான்.

அக்டோபரில் கணவாய் மூடும் முன்
ஒஸாகாவிலிருந்து வந்த ஒரு மலையேறியைக் கீழே இறக்கிவிட்டோம்.
சாவியைத் திருப்பியதும் அவர் சிரித்துவிட்டார்.
"கார்டு செருகப்படவில்லை என்கிறாள். சுங்கச்சாவடிக் கார்டு."
ஆறு வருடமாக அவளும் ஒரு பழுதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.
ததியா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
மறுநாள் காலையும் "உனக்கும் அப்படியே" என்றாள்,
வாயை மூடாமல்.

பின்கதவு இப்போது உள்ளிருந்து திறப்பதில்லை.
இமேதா ஒரு கயிறு கட்டியிருக்கிறார்.