கோடும் சுழியும்

எனக்குத் தந்த வேலை எண்ணுவது மட்டும்.
ஷெட்லாந்தின் வடகோடியில் ஒரு தீவு,
அதில் எப்போதோ மூடிப்போன பள்ளிக்கூடம்,
அதன் வருகைப் பதிவேடு, 1887 – 88.
வந்தால் சாய்கோடு. வராவிட்டால் சுழி.
கூட்டிக் கழித்து
நூற்றுக்கு எத்தனை என்று சொல்லவேண்டும்.

அட்டையைத் திறந்ததும் லேசாய்ப் புகை வாசம்.
அடுப்புக்கென்று ஆளுக்கொரு கரிமண் கட்டி
தினமும் கொண்டுவரவேண்டுமாம்;
மறந்தவர் பெயரருகே சின்னப் புள்ளி.
கிடியன் மவுவாட்டுக்குப் புள்ளிகள் அதிகம்.
அக்டோபரில் பாதி வகுப்புக்குச் சுழி: உருளைக்கிழங்கு தோண்ட.
ஜனவரியில் ஒருநாள் மட்டும் பென்சில் எழுத்து:
"மசி உறைந்துவிட்டது."

ஹான்சினா ஹால்க்ரோ, ஓஸ்லா ஹால்க்ரோ.
அக்காளுக்குக் கோடென்றால் தங்கைக்குச் சுழி.
மறுநாள் தங்கைக்குக் கோடு, அக்காளுக்குச் சுழி.
நவம்பர் முழுக்க, டிசம்பர் முழுக்க.
வரிசை மாறி எண்ணுகிறேனோ என்று
விரல் வைத்து மறுபடி எண்ணினேன்.
ஓரத்தில் ஆசிரியை மிஸ் இங்க்ஸ்டர் எழுதியிருக்கிறாள்:
"ஒழுங்கில்லாத வருகை. கண்டித்தேன்."
இதைவிட ஒழுங்காய்
யாரால் வரமுடியும்?

தேநீர் ஆறி ஆடை கட்டியபிறகுதான்
எனக்கு உறைத்தது.
அந்த வீட்டில்
ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்.

பிப்ரவரி ஒன்பது, வியாழக்கிழமை.
இரண்டு கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்று.
அதற்கப்புறம் ஏப்ரல்வரை
ஹால்க்ரோ வரிகளில் சுழியே கிடையாது.
பனி உருகிவிட்டதோ?
இல்லை. "இடுப்பளவு பனி" என்கிறது அதே வாரக் குறிப்பு.

கடைசிப் பக்கங்களில் செலவுக் கணக்கு.
"பிப்ரவரி ஏழு. சாக்பீஸ் ஒரு பெட்டி. ஆறு ஷில்லிங்."
முந்தின வருடம் அதே பெட்டி
ஒரு ஷில்லிங்கைத் தாண்டவில்லை.

மே மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார், சிவப்பு மசியோடு:
"பாட்டு நன்று. தையல் மோசம்.
கரும்பலகை மிகச் சுத்தம்.
சாக்பீஸ் எங்கே?"
அதன் கீழே அவளுடைய எழுத்து,
நடுக்கமில்லை, அவசரமும் இல்லை:
"தீர்ந்துவிட்டது."

என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம்.
ஆறு ஷில்லிங்குக்கு அந்தக் காலத்தில்
குழந்தை பூட்ஸ் கிடைத்திருக்குமா என்று
நான் தேடிப் பார்க்கவில்லை.
தேடவும் மாட்டேன்.

நூற்றுக்கு எண்பத்து மூன்று
என்று எழுதிக் கொடுத்தேன்.
படிவத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம் இருந்தது.
பேனாவைக் கொண்டுபோய்
எடுத்துவிட்டேன்.
இன்ஸ்பெக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள்.