நைட் ஹால்ட், பாபநாசம்

மேலப்பாளையத்தில் மசூது கடை.
நாலாயிரத்து இருநூறு சொன்னான், கொடுத்தேன்.
முதுகுக் கண்ணாடியில் விரிசல்,
திரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு.
‘இப்ப வர்ற போன்ல இந்த ஓட்டை கிடையாது அண்ணாச்சி.
பாட்டுக்குன்னே உள்ள தனிச் சில்லு வச்சிருக்கான்.’
ஒரு ஓட்டைக்கு இத்தனை பெருமை
நான் கேட்டதில்லை.

காதை முழுசாய் மூடும் ஹெட்போன் ஆயிரத்து அறுநூறு.
வீட்டில் அறுநூறு என்றேன்.

ராத்திரி பத்தே முக்கால். கடைசி ஆளும் இறங்கியாச்சு.
ஞானதிரவியம் காசுப் பையைத் தலைக்கு வைத்து
மூன்று பேர் சீட்டில் நீட்டிவிட்டான்.
ஆறுகிற எஞ்சின் அவ்வப்போது சொடக்குப் போட்டது.
கடைசி சீட்டில் உட்கார்ந்து
வயரைச் சொருகினேன்.

முதலில் பாட்டு வரவில்லை.
பாட்டுக்கு முந்தின ஒரு அறை வந்தது.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
பாடப் போகிறவள் மூச்சை இழுத்தாள்.
எத்தனையோ தரம் கேட்ட பாட்டுதான்,
டீக்கடையில், கல்யாண வீட்டுக் குழாயில்.
அவளுக்கு மூச்சு வாங்கும் என்று
இன்றைக்குத்தான் தெரியும்.

இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.
அதிக ஒலி செவிக்குக் கேடு, சம்மதமா
என்று கேட்டது போன்.
இருபத்திரண்டு வருசமாய் என் இடது முட்டிக்குப் பக்கத்தில்
கொதித்துக்கொண்டு வருகிற எஞ்சின்
ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்குமா?
சம்மதம் என்று அழுத்தினேன்.

வலது பக்கம் கஞ்சிரா,
விளிம்புக் காசுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக.
இடது பக்கம் வயலின்,
கம்பளி போர்த்திக்கொண்டு.

விடிந்து முதல் ட்ரிப் முடித்த கையோடு
மசூதிடம் சண்டைக்குப் போனேன்.
‘இடது பக்கம் செத்த சாமான குடுத்திட்டீரே வே!’
அவன் தன் காதில் வைத்துப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
இடத்தை வலமாய்த் திருப்பி
என் தலையில் மாட்டினான்.

இப்போது வயலின் வலது பக்கம்.
வில் கம்பியில் பிசினோடு உரசுவதுகூடக் கேட்டது.
கம்பளிக்குள் போயிருந்தது கஞ்சிரா.

கம்பளி வயரோடு வரவில்லை.
இருந்த இடத்திலேயே இருந்தது,
என் இடது பக்கம்.

பத்தமடையில் போன மாசம் ஒரு பொம்பளை
ஸ்டாப்பைத் தாண்டி இறக்கிவிட்டேன் என்று
பாய்க் கட்டோடு நின்று வைதாள்.
விசிலில் பட்டாணி தேய்ந்துபோச்சு என்று
ஞானதிரவியத்துக்கு என் காசில்
புது விசில் வாங்கிக் கொடுத்தவன் நான்.
அவனும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான்.

டிப்போ டாக்டரிடம் சொன்னால்
ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள்.
சொல்லாவிட்டால்?
சேரன்மாதேவி தாண்டி வீரவநல்லூர் வரைக்கும்
இதே நினைப்புதான்.
பின்னால் வந்த லாரி
எத்தனை தரம் ஆரன் அடித்ததோ.

அன்றைக்கு ராத்திரி அவனிடம் சொன்னேன்.
ஹெட்போனை வாங்கித் தான் கேட்டான்,
திருப்பியும் கேட்டான்.
‘நல்லாத்தான் பாடுதா’ என்றான்.
காலையில் விசிலோடு சேர்த்து
டிக்கெட் பெஞ்ச் கம்பியிலும் ஓங்கி ஒரு தட்டு.
கல்லிடைக்குறிச்சியில் ரெண்டு பேர்
திரும்பிப் பார்த்தார்கள்.
வெள்ளிக்கிழமை லீவு போடு,
ஐகிரவுண்டுக்குக் கூட வாரேன் என்றான்,
சில்லறை எண்ணிக்கொண்டே.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று ராத்திரி இருக்கிறது.
ஒரு பாட்டை இப்போது ரெண்டு தரம் கேட்கிறேன்.
நேராய் மாட்டி ஒரு தரம்,
திருப்பி மாட்டி ஒரு தரம்.
போக ஒரு ட்ரிப், வர ஒரு ட்ரிப்.
போகும்போது விட்டுப்போன ஆட்களை
வரும்போது ஏற்றிக்கொள்கிறேன்.
மூச்சிழுக்கிற அவள் மட்டும்
ரெண்டு தடவையும் நடுவில்தான் நிற்கிறாள்,
கம்பியைப் பிடித்துக்கொண்டு.