வியர்க்காத குதிரை

ஐந்தேகாலுக்கு அம்பாங் மேட்டில்
என் காரின் வெளிச்சம் ஏறும்போதே
பதினான்கு தலைகள் அரைக்கதவுக்கு மேல் நீளும்.
பதின்மூன்று தலைகளுக்கு என்னைப் பிடிக்கும்.
உரிமையாளர்கள் கணக்கு வேறு.

பேரில் யானை எனக்கு, குஞ்சரி.
சொத்தில் பாதிக் குதிரை.
முன்பாதியா பின்பாதியா என்று
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கேட்பார்கள்.
கட்டணம் கட்டும் அன்று தலை,
சாணம் அள்ளும் அன்று வால்.
மறுபாதிக்காரர் ஜொகூருக்கு மாற்றலாகி
ஆறு மாதமாய்க் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புகிறார்.

அரிதானதைக் குதிரைக்கொம்பு என்பார்கள்.
எங்களுக்கு அரிதாய்ப் போனது
குதிரையின் வியர்வை.
பந்தயத்தில் தோற்று, விலை இறங்கி வந்த பழுப்பன்
போன வருடப் புகைமூட்டத்தோடு
வியர்ப்பதை நிறுத்திக்கொண்டான்.
குளிர்நாட்டில் பிறந்த உடம்பு,
இந்த ஈரக்காற்றோடு வழக்காடி அலுத்துக்
கடையை மூடிவிட்டது என்றார் டாக்டர்.
தோல் காய்ந்த அட்டை.
உள்ளே அடுப்பு.
மூக்கு ஓயாத துருத்தி.

ஆகவே மின்விசிறி.
ஆகவே சண்டை.
மின்கட்டணம் பதினான்காய்ப் பிரிகிறது,
இரவெல்லாம் ஓடும் விசிறி ஒன்றுதான்.
"குதிரைக்கா, உனக்கா?" என்று
திருமதி சோங் கேட்டபோது
சிரித்திருக்கலாம் நான்.
ஏற்கெனவே என் வைக்கோலில் யாரோ கைவைத்திருந்தார்கள்.
கப்பலில் வருவது, கட்டு அறுபது ரிங்கிட்,
ரிங்கிட் இறங்கினால் அது ஏறும்.
குளம்பு சுரண்டும் கொக்கி
நான்கு முறை காணாமல் போய்
மூன்று முறை திரும்பி வந்தது.
லாடக்காரர் வரும் செவ்வாய்க்கிழமை
பட்டியலில் என் பெயருக்கு முன்னால்
புதிதாய் ஒரு பெயர் முளைத்திருந்தது.
ஒரே குழாய். ஒரே தள்ளுவண்டி.
நான்கு மணிக்கு இடி இறங்கும், அதனால்
மூன்று மணிக்கே எல்லோருக்கும் ஒரே மணல்திடல்.

பிறகு, அடுத்தடுத்து மூன்று விடியல்கள்,
விசிறி நின்றிருந்தது.
பழுப்பன் சுவரில் நெற்றியை வைத்து
நிமிடத்துக்கு எண்பது மூச்சு.
எண்ணினேன். என் வேலையே எண்ணுவதுதான்.
பனிக்கட்டி, கழுத்து, தொடை, மறுபடி பனிக்கட்டி.
லொம்போக்கிலிருந்து வந்த சப்ரி
"நான் தொடவில்லை, காக்" என்றான்
நான் கேட்பதற்கு முன்பே.
அதுவே சந்தேகமாய்ப் பட்டது.

வெள்ளைப் பலகையில் எழுதினேன்,
மலாயில், எல்லோருக்கும் புரிய வேண்டுமே:
விசிறியை அணைப்பவர் கொலைகாரர்.
அதன் கீழே தமிழில்
எனக்கு மட்டும் இன்னொரு சொல்.
அதை இங்கே எழுதமாட்டேன்.

நான்காம் இரவு அங்கேயே தங்கினேன்,
தீவன மூட்டைமேல், கொசுத்தைலம் பூசி.
தூரத்தில் இரட்டைக் கோபுரம் அணைந்தது.
இரண்டரைக்கு
அடுத்த அறைக் குட்டைக் குதிரை,
திருமதி சோங்கின் பேரனுடைய பிஸ்கட்,
கம்பிக்கிடையே உதட்டை நீட்டி
வயரைப் பற்றி
மீ உறிஞ்சுவதுபோல் இழுத்து
பிளக்கைப் பிடுங்கியது.
பிறகு கண்ணை மூடி அமைதியை ரசித்தது.
சத்தம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பலகையைத் துடைக்க ஓடினேன்.
துணி, எச்சில், சவர்க்கார நுரை, குளம்புத் தைலம்.
அன்று கோபத்தில் நான் எடுத்திருந்தது
தீவன டப்பாவில் பெயர் எழுதும் அழியாத மை.
குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்.
இங்கே தள்ளியது குதிரைதான்.
குழி முழுக்க என் கையெழுத்து.

காலையில் திருமதி சோங்
பலகையை ஒருமுறை, பிஸ்கட்டை ஒருமுறை பார்த்தார்.
சிரிக்கவில்லை.
மறுநாள் என் வாளிக்குள் ஆறு டின் கறுப்பு பீர்.
அவர் மாமனார் பந்தயக் குதிரைகளுக்குக் கொடுப்பாராம்,
வியர்வை திரும்புமாம்.
சீட்டில் இருந்தது: குதிரைக்கு. உனக்கல்ல.

பலகையில் இப்போது தீவன அட்டவணை.
வெள்ளிதோறும் அதைத் துடைக்கும்போது
கொலைகாரர் கொஞ்ச நேரம் தெரிவார்.
சப்ரி என்னைக் காக் என்பதில்லை.
புவான்.

இன்று பழுப்பன் காதடியில் விரல் வைத்தேன்.
ஈரம்.
குழாய்நீராகவும் இருக்கலாம்.
சப்ரி, நீ தொட்டுப் பார் என்று கூப்பிட்டேன்.
வாளியை வைத்தான், கையைத் துடைத்தான், வந்தான்.
நான் தொட்ட இடத்தையே தொட்டான்.
"காய்ந்துவிட்டது, புவான்."